உன் மாமா அன்று வந்திருந்தார்

தம்பி,

உனக்கு என் ஸலாம். நலமா என்று கேட்க மாட்டேன். காலையில்தான் அம்மா கையால் இட்லி சாப்பிட்டுவிட்டு, இன்னொன்று வைக்க வந்த என் கையைத் தட்டிவிட்டு, சபீனாவோடு திருவல்லிக்கேணிக்குப் போனாய். கத்தாருக்குப் புறப்படும் முன் மாமியார் வீட்டில் விருந்து. மாலைக்குள் திரும்பிவிடுவீர்கள். அதற்குள் இதை எழுதி முடித்து உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஒரே வீட்டில் இருக்கிறவர்களுக்குள் என்ன கடிதம் என்று நீ சிரிப்பாய். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் பேச்சு மாறிவிடுகிறது. முந்தாநாள் "தம்பி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன், நினைவிருக்கிறதா? ஊறுகாய் பாட்டிலை எந்தத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைப்பது என்று பேசி முடித்தேன். தாளுக்கு முகம் கிடையாது. அதனிடம் பேச்சை மாற்றத் தோன்றாது என்று நம்பி எழுதுகிறேன்.

சுற்றி வளைத்தால் மறுபடியும் ஊறுகாய்க்குப் போய்விடுவேன், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் நிக்காஹ் அன்று தேவராஜ் மாமா வரவில்லை என்று சொன்னேன் அல்லவா, அது பொய். அவர் வந்திருந்தார். மாப்பிள்ளை நீ மண்டபத்துக்குள் கால் வைக்கும் முன்பே வந்துவிட்டார். கஸ்தூரி அண்ணியும் கூட வந்திருந்தார். இருவர் கையிலும் சீர்த்தட்டு இருந்தது. அவர்களைத் திருப்பி அனுப்பியவள் நான்.

இந்த இடத்தில் நீ தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனால் நான் ஒன்றும் சொல்ல முடியாது. ஆனால் போகாதே. கொஞ்சம் படி. எனக்காக வேண்டாம், அவருக்காகப் படி.

அவர் உனக்கு எப்படி மாமா ஆனார் என்ற கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாய். ஆனாலும் எழுதுகிறேன். மறந்துபோனவள் நான்தானே, எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன் என்று வைத்துக்கொள். சென்னீர்குப்பத்தில் பெங்களூர் ரோட்டின் மேல் உன் அத்தா கார் சீட்டு தைக்கும் கடை வைத்திருந்தார். பக்கத்துக் கடை தேவராஜ் அண்ணனுடைய கிரில் பட்டறை. அவர்கள் பாரிவாக்கத்தில் பரம்பரையாக விவசாயம் செய்த குடும்பம். நிலமெல்லாம் மனைகளாகப் பிரிந்து போனபின் அவர் வெல்டிங் கற்றுக்கொண்டு ரோட்டுக்கு வந்தவர். உன் அத்தா ஊரிலுள்ள எல்லோரையும் கூப்பிடுவது போலவே அவரையும் மச்சான் என்றுதான் கூப்பிடுவார். டீ சொல்ல ஒரு மச்சான், சுத்தியல் கடன் கேட்க ஒரு மச்சான். எனக்குக் கல்யாணமான புதிது. ஒரு நாள் மதியம் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு வெயிலில் நடந்து போனேன். தேவராஜ் அண்ணன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு முகத்தில் பிடித்திருந்த கறுப்புக் கண்ணாடியை இறக்கினார்.

"இந்தா பாரு பாய், நீ பாட்டுக்கு என்ன மச்சான் மச்சான்னு கூப்ட்டுகினு கீற. மச்சான்னா யாரு? பொண்டாட்டியோட அண்ணன். அப்போ இந்தப் பொண்ணு எனுக்குத் தங்கச்சி. தங்கச்சி வெயில்ல சோறு தூக்கிகினு வர்றத நான் வேடிக்க பாத்துகினு நிக்கணுமா? நாளைலேந்து நீ ஊட்டுக்குப் போய்த் துன்னு."

உன் அத்தா சிரித்தார். தேவராஜ் அண்ணன் சிரிக்கவில்லை. ஊரே வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டு திரிகிற ஒரு சொல்லை அந்த மனிதர் மட்டும் நிஜம் என்று எடுத்துக்கொண்டார். எனக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. தாய் தகப்பனும் சின்ன வயதிலேயே போய்விட்டார்கள். தாய்மாமன் சீர் யார் கொண்டுவருவார்கள், வளைகாப்புக்கு யார் வளையல் வாங்கி வருவார்கள் என்று உன் அத்தா வீட்டில் பேச்சு வரும்போதெல்லாம் அடுப்படியில் போய் நின்றுகொள்வேன். அந்த மதியத்துக்குப் பிறகு நான் அப்படி நின்றதில்லை. நீ வயிற்றில் இருந்தபோது கை நிறைய வளையலோடு வந்து நின்றது அவர்தான். நீ பேசக் கற்றுக்கொண்டபோது அத்தா, அம்மா என்ற இரண்டுக்கும் அடுத்து உன் வாயில் வந்தது மாமா.

உன் மார்க்கக் கல்யாணத்தை, உனக்குச் சுன்னத் செய்த நாளை, மறந்திருக்க மாட்டாய். அத்தா அப்போது வளைகுடாவுக்குப் போய்விட்டார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் கண்ணைப் பொத்திக்கொள்வதுதான் நம் பக்கத்து வழக்கம். அத்தாவின் கூடப் பிறந்தவர்களான உன் மாமியும் சின்னத்தாவும் யாரை உட்கார வைப்பது என்று மெல்லப் பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு பாயில் உட்கார்ந்துவிட்டார். "நீ போ தங்கச்சி, நெருப்பையே நேரா பாத்தவன் நானு, இது இன்னா பிஸாத்து" என்றார். கடைசியில் ரத்தத்தைப் பார்த்ததும் மயங்கிச் சாய்ந்தது அவர்தான். நீ அழ மறந்து, "அம்மா, மாமா தூங்கிட்டாரு" என்றாய். அவர் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அன்று அவர் யார் என்று எங்களைக் கேட்க ஒருவரும் இல்லை.

அத்தா அங்கே ஓர் அரபி வீட்டில் கார் ஓட்டினார். போன் செய்யும்போதெல்லாம் உறவுச்சொற்களைப் பற்றித்தான் கதை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அவரை 'அம்மு' என்று கூப்பிடுவார்களாம். அப்பாவுடைய தம்பியைக் கூப்பிடும் சொல் அது. வீட்டிலிருந்த வயதான அம்மாள் 'வலதி' என்பாராம், என் மகனே என்று. தெருமுனையில் ரொட்டி சுடும் ஈரான்காரர் வருகிறவன் போகிறவனை எல்லாம் 'பராதர்' என்பாராம், சகோதரா என்று. "ஊரெல்லாம் சொந்தக்காரங்கதான், சம்பளத்த மட்டும் ஒருத்தரும் ஏத்த மாட்டேங்குறாங்க" என்பார் உன் அத்தா. அம்மாவின் அண்ணன் தம்பிக்கு அரபியில் 'கால்' என்று அவர் சொன்னதை நான் தேவராஜ் அண்ணனிடம் சொன்னேன். "அப்போ நான் புள்ளைக்குக் காலா? சர்தான், ஸ்கூலுக்கு நான்தானே தூக்கிகினு போறேன்" என்றார். உண்மையில் அவர்தான் தூக்கிக்கொண்டு போனார். அந்த வருடங்களில் உன் காய்ச்சலுக்கு ராத்திரி பகல் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடியதும், உன் சைக்கிளுக்குப் பின்னால் ஓடியதும் அவர்தான். அத்தா திரும்பி வந்து, சில வருடம் இருந்து, பிறகு நம்மை விட்டுப் போனபோது மையவாடியில் கடைசி ஆள் கலையும்வரை நின்று மண் தள்ளியதும் அவர்தான். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்திருந்துதான் அப்படிச் செய்தேன்.

ஏன் செய்தேன் என்றால், பயம். எதற்குப் பயம் என்றால் சொல்லவே கூசுகிறது. நான் படித்த பள்ளிக்கூடத்தில் உருது பேசும் பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். ஒருத்தி என்னிடம் ஒரு நாள், "உருதே தெரியாதா? அப்புறம் நீ என்ன முஸ்லிம்?" என்று கேட்டாள். விளையாட்டாகத்தான் கேட்டாள், மறுநாளே என்னோடு புளியங்காய் தின்றாள். ஆனால் அந்தக் கேள்வி எனக்குள் எங்கேயோ உட்கார்ந்துகொண்டது. நீ சபீனாவைப் பற்றிச் சொன்னபோது, அவள் கல்லூரியில் உருது சொல்லிக்கொடுக்கிறவள், பாரசீகமும் அரபியும் படித்தவள் என்று சொன்னபோது, சந்தோஷப்பட வேண்டியவள் நான் நடுங்கிப்போனேன். நம்மைப் பார்த்துச் சிரித்துவிடுவார்கள், உருது தெரியாத பூந்தமல்லி லெப்பை வீடு என்று கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள் என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் ஒரு வார்த்தை அப்படிப் பேசவில்லை. எல்லாம் என் மண்டைக்குள் ஓடியதுதான்.

அதன் பிறகு நான் அடித்த கூத்து உனக்கும் தெரியும். பின் தெருவில் உருது பேசும் ஒரு பெண்ணிடம் போய் முறைப்பெயர்களையெல்லாம் கேட்டு வந்து வீட்டில் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். சின்னத்தா இனிமேல் சாச்சா. அக்கா முறை ஆகிறவர்கள் எல்லாம் இனிமேல் ஆபா. என்னை அம்மீ என்று கூப்பிட வேண்டும், மருமகள் வரும்போது பழகியிருக்க வேண்டும் என்று உன்னையே படுத்தி எடுத்தேன். உன் மாமியைப் பூப்பீ என்று கூப்பிட வேண்டும் என்றதும் அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "இன்னா பேருடி இது, பீப்பீ ஊதுற மாதிரி கீது. பொறந்ததுலேந்து மாமின்னு கூப்ட்ட புள்ள, மாமின்னே கூப்டட்டும்" என்றார். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஒரு கணக்கும் போட்டேன். எல்லோருக்கும் மாற்றிச் சொல்ல ஒரு பெயர் இருக்கிறது, மாமாவை மாமூ என்று மாற்றுவதும் சுலபம்தான், ஆனால் மாமூவின் பேர் என்ன என்று கேட்டால் தேவராஜ் என்று சொல்ல வேண்டியிருக்குமே என்று. அது எப்படியோ அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அழைப்பு வைக்கப் போனபோதும் அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. "மாமன் போடுற மால, மோதிரம் ரெண்டும் என்னோடது தங்கச்சி, வேற எவனையும் உட்ராத" என்று சொல்லி அனுப்பினார்.

நிக்காஹ் அன்று காலை நான் பெண்கள் பக்கத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தேன். சம்பந்தியம்மா என் பக்கத்தில் நாற்காலியில் இருந்தார். அவர்கள் உறவுக்காரப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து உருதுவில் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பாதி புரிந்தது, பாதிக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அப்போது தேவராஜ் அண்ணனும் அண்ணியும் படியேறி வந்தார்கள். புது வேட்டி, புதுச் சட்டை, தலையில் வெள்ளைக் கைக்குட்டை கட்டியிருந்தார். தட்டில் மாலை, சின்ன நகைப்பெட்டி, பழம், கல்கண்டு, எல்லாவற்றுக்கும் மேல் ஜிகினாக் காகிதம். அவர் முகத்தில் என்னவோ குறைந்திருந்தது. எப்போதும் நெற்றியில் பட்டையாக இருக்கும் விபூதி இல்லை. அதைக் கவனித்தேன், ஏன் என்று யோசிக்கவில்லை.

"தங்கச்..." என்று அவர் வாயைத் திறக்கவும், சம்பந்தியம்மா, "இவங்க யாரு?" என்று என்னைக் கேட்கவும் சரியாக இருந்தது. அவர் மரியாதையாகத்தான் கேட்டார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்துகூட விட்டார். எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். என் வாயிலிருந்து வந்தது இது: "பக்கத்துக் கடைக்காரர். சாமான் கொண்டுவந்து குடுத்துட்டுப் போக வந்திருக்காரு."

அவர் என்னைப் பார்த்தார். அந்த இடத்தில் அவர் கத்தியிருக்கலாம். தட்டைப் போட்டு உடைத்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் நான் அங்கேயே அழுது, உண்மையைச் சொல்லி, பிழைத்திருப்பேன். அவர் என்ன செய்தார் தெரியுமா? என் பொய்க்கு முட்டுக்கொடுத்தார். "ஆமா மேடம். இதெல்லாம் எங்க வெக்கணும், சொல்லுங்க" என்றார். நான் சமையல்கட்டுப் பக்கத்து அறையைக் கை காட்டினேன். வைத்துவிட்டு, அண்ணியை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து, பக்கவாட்டுப் படி வழியாக இறங்கிப் போய்விட்டார். ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. நான் போகாதீர்கள் என்று சொல்லவில்லை.

மிச்சம் உனக்குத் தெரியும். மாலை போடும் நேரத்தில் நீ கூட்டத்தில் அவரைத் தேடினாய். ஆள் அனுப்பி என்னைக் கூப்பிட்டுக் கேட்டாய். "வரலப்பா, என்ன வேலையோ" என்றேன். சின்னத்தா மாலை போட்டார். சாயங்காலம் நீ சொன்னது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அத்தா மவுத்துக்கு வந்து அப்பிடி நின்னவரு, என் கல்யாணத்துக்கு வரலைல்ல. சரி, உடு. இனிமே நானா போய் அவர் மொகத்துல முழிக்க மாட்டேன்." அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. உன் மனதில் அவர் கெட்டவராகட்டும், நான் நல்லவளாக இருந்துவிட்டுப் போகிறேன் என்று இருந்துவிட்டேன். பெற்றவள் செய்கிற வேலையா இது?

இப்போது உன் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அம்மீ ஆவதற்கு அவ்வளவு ஒத்திகை பார்த்தேனே, அவள் வந்த முதல் காலையிலேயே அடுப்படிக்கு வந்து, "அம்மா, டீ நான் போடட்டுமா?" என்றாள். உன்னிடம் கேட்டு நம் வீட்டு முறைப்பெயர்களையெல்லாம் கற்றுக்கொண்டு வந்திருக்கிறாள். மாமியை மாமி என்றாள், சின்னத்தாவைச் சின்னத்தா என்றாள். நான் பூப்பீ என்கிறேன், அவள் மாமி என்கிறாள். யாரைச் சொல்கிறோம் என்று இருவருக்குமே குழம்பிச் சிரித்தோம். அவள் தமிழில் தப்பு வந்தால் நீ நான்கு பேர் முன்னால் திருத்துகிறாய். அதை விட்டுவிடு. நம் வீட்டுக்குள் நுழைய அவள் தேடிக்கொண்ட வழி அது. நான் தேடிய வழியைவிட ஆயிரம் மடங்கு நேர்மையானது.

போன வாரம் அவள் கீரை ஆய்ந்துகொண்டே, "அம்மா, உங்க பக்கத்துல நான் யாரை மாமூன்னு கூப்பிடணும்? உங்களுக்கு அண்ணன் தம்பி இல்லையா?" என்றாள். இல்லை என்றேன். நீ கோபத்தில் அவரைப் பற்றி அவளிடம் பேசவே இல்லை போலிருக்கிறது. "கூடப் பிறந்தவங்க இல்லேன்னா பரவாயில்ல. மூபோலா பாய் கூட யாரும் இல்லையா?" என்றாள். அது யார் என்று கேட்டேன். வாயால் சொல்லி அண்ணன் ஆனவராம். உருதுவில் எல்லோரும் சாதாரணமாகப் புழங்குகிற பேச்சாம். பாரசீகத்திலும் 'பராதர் கான்தே' என்று இருக்கிறதாம், அண்ணன் என்று அழைத்ததால் அண்ணன் ஆனவர். "எங்க அம்மீக்கு ஒருத்தர் இருக்காரே அம்மா. கல்யாணத்துல முன்வரிசையில உட்கார்ந்திருந்தாரு, பெரிய மீசை. நீங்ககூட அவருக்கு உங்க கையாலயே பாதாம் பால் கொடுத்தீங்க. ரங்கநாதன் மாமூ. எங்க தெருவுல தையல் கடை வச்சிருக்காரு. அவர் வராம எங்க வீட்டுல ஒண்ணுமே நடக்காது."

தம்பி, அந்த மீசைக்காரரை நான் யாரோ ஜட்ஜு என்று நினைத்தேன். அவர்கள் பக்கத்துப் பெரிய மனிதர் என்று ஓடி ஓடி உபசரித்தேன். அவர்களுடைய அண்ணனுக்குப் பாதாம் பால் கொடுத்த அதே கையால்தான் என் அண்ணனுக்குச் சாமான் அறையைக் காட்டினேன். கீரையை அப்படியே வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போய் முகத்தைக் கழுவினேன். எவ்வளவு கழுவினாலும் போகிற அழுக்கா அது?

மறுநாள் உன்னிடம் மார்க்கெட் என்று சொல்லிவிட்டுப் பாரிவாக்கம் போனேன். அண்ணன் வாசலில் நின்று கேட்டுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக, "இன்னா தங்கச்சி, வழி தெரிஞ்சிச்சா?" என்று ஆரம்பிக்கிறவர், "வாங்க" என்றார். அண்ணி தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நான் குனிந்தே உட்கார்ந்திருந்தேன். மன்னித்துவிடு அண்ணே என்று சொல்லத்தான் போயிருந்தேன். அவர் என்னை அந்தப் பேச்சுக்கே வர விடவில்லை.

"அன்னிக்கு உனுக்கு சங்கடம். பாத்தவொடனே புரிஞ்சிகினேன். பெரிய எடத்து சம்மந்தம், நாலு பேரு பாக்குறாங்க. அத உடு, அதுல ஒண்ணும் இல்ல" என்றார். பிறகு எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஆனா புள்ள ஒரு போனு கூடப் பண்லியே. தட்டு வந்திச்சி, ஆள் எங்கன்னு கூடக் கேக்கலியே. அவனுக்குமா நான் சங்கடமாப் பூட்டேன்?"

அங்கே நான் சொல்லியிருக்க வேண்டும். அவன் கேட்டான், தேடினான், நான்தான் பொய் சொன்னேன், தட்டை அவன் கண்ணிலேயே காட்டவில்லை, நீங்கள் வரவில்லை என்று நினைத்து அவன் கோபமாக இருக்கிறான் என்று. இத்தனையும் நெஞ்சுக்குள் வரிசையாக இருந்தது. வெளியே வந்தது, "அவனுக்கு வேல ஜாஸ்திண்ணே. வெளிநாட்டுக்கு வேற போறான்" என்பதுதான். மனிதர் அதையும் நம்பினார். "ஆமா, இருக்கும். எப்போ ஏறுறான்?" என்றார். நாளைச் சொன்னேன். "ஏர்போர்ட்டுக்கு நான் வர்ல. போற நேரத்துல உங்களுக்குக் கஷ்டம்" என்று மறுபடி வாசல் கேட்டுப் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணி தெருவரைக்கும் கூட வந்தார். "நெத்தியில பூசாம அவரு வாசப்படி தாண்டி நான் பாத்தது இல்ல. அன்னிக்கு உனுக்கோசரம் அவராவே தொடச்சிகினு வந்தாரு. அதுக்கு மேல நாங்க இன்னா பண்ணணும், நீயே சொல்லு" என்றார். ஆட்டோவில் வரும்போது டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "உடம்புக்கு முடியலியாம்மா?" என்று கேட்டார். ஆமாம் என்று அதற்கும் ஒரு பொய் சொன்னேன்.

நேற்று சம்பந்தியம்மாவுக்குப் போன் செய்தேன். அன்று தட்டோடு வந்தவர் கடைக்காரர் இல்லை, என் அண்ணன், என் பிள்ளையின் தாய்மாமன் என்று சொன்னேன். உருதுவில் சொல்லவில்லை, எனக்குத் தெரிந்த தமிழிலேயே சொன்னேன். அவர், "நீங்க எங்களைப் பத்தி என்னன்னு நினைச்சீங்க?" என்று கேட்டார். கோபமாக இல்லை, வருத்தமாகக் கேட்டார். அண்ணனுக்கு மட்டும் கெடுதல் செய்தேன் என்று நினைத்திருந்தேன். அந்தக் குடும்பத்தையும் நான் எவ்வளவு கேவலமாக எடைபோட்டிருக்கிறேன் என்பது அவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. இன்று விருந்தில் உன்னிடம் எதுவும் பேச வேண்டாம், நானே சொல்கிறேன் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றார். சபீனாவுக்கும் இன்னும் தெரியாது.

அயல்நாட்டுக்குப் போகிறாய், அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் அல்லவா? எனக்கு அந்த யோக்கியதை போய்விட்டது. ஆனாலும் பட்டவள் சொல்வதாக ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள். உனக்கும் ஒரு நாள் அப்படி ஒரு வாசல் வரும். புது மனிதர்கள் சுற்றி இருப்பார்கள், உன்னைத் தூக்கி வளர்த்த ஒருவர் எதிரே வந்து நிற்பார், இவர் யார் என்று கேள்வி வரும். அப்போது யோசிக்காதே. நான் யோசித்தேன். கண் இமைக்கும் நேரம்தான் யோசித்தேன், அதற்குள் எல்லாம் கெட்டுப்போனது.

மாலை வந்து இதைப் படித்ததும் என்னிடம் பேச வேண்டும் என்று நிற்காதே. என்னைத் திட்ட உனக்கு ஆயுசு முழுக்க நேரம் இருக்கிறது. அங்கே ஒருவர், தான் வளர்த்த பிள்ளைக்குத் தான் சங்கடமாகிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அதோடு அவரை விட்டுவிட்டு நீ விமானம் ஏறிவிடக் கூடாது. சட்டைகூட மாற்ற வேண்டாம், சபீனாவைக் கூட்டிக்கொண்டு அப்படியே வண்டியை எடு. அவரிடம் எதையும் மறைக்காதே. நீ தேடினாய், கேட்டாய், அம்மா பொய் சொன்னாள் என்று இதே வார்த்தைகளில் சொல். எனக்காகப் பரிந்து ஒன்றும் பேசாதே, மன்னிப்பும் கேட்காதே. அது நான் கேட்க வேண்டியது.

நானும் பின்னாலேயே ஆட்டோவில் வருகிறேன். உள்ளே வர மாட்டேன், அவர்கள் தெருமுனையில் நிற்பேன். அவர் முதலில் உன்னைப் பார்க்கட்டும், உன் மனைவி அவரை மாமா என்று கூப்பிடட்டும், ஆசை தீரப் பேசி முடியுங்கள். அதன் பிறகு அவர் கூப்பிட்டால் வருகிறேன். கூப்பிடாவிட்டால், நீங்கள் கிளம்பும் வரை அங்கேயே நிற்கிறேன்.

அம்மா